பவளப்பாரின் இளமீன்கள்

மும்பையின் மீன்சந்தையில் ‘சுர்மை’ என்று கூவி விற்கப்படும் மீனுக்குச் சென்னையில் வஞ்சிரம் என்று பெயர். இராமநாதபுரக் கடற்கரையில் அதுவே சீலா. குமரிப் பக்கத்தில் நெய்மீன். தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் குடும்பங்களிலும் இப்பெயர்களில் ஏதேனும் ஒன்று சமையலறையில் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சந்தைப் பலகையில் கிடத்தப்பட்ட அம்மீன் ஒரு முழத்துக்கும் மேல் நீண்டிருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலோ அதன் நீளம் ஓர் அரிசிமணியின் பாதியளவே.

அந்நாளில் அதற்கு வாய் திறந்திருக்கவில்லை. கண்ணில் நிறமில்லை, செதில் இல்லை, துடுப்பென்று சொல்லத்தக்க துடுப்பும் இல்லை. கண்ணாடி போன்ற உடலும், வயிற்றடியில் தாய் கட்டிக்கொடுத்த கருவுணவுப் பையுமே அதன் உடைமை. அதனை மீன் என்று அழைக்கவும் மனம் தயங்கும். அறிவியலார் அதற்கு ‘இளவுயிரி’ என்று பெயரிட்டனர். லார்வா என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. பட்டாம்பூச்சிக்குக் கம்பளிப்புழு எப்படியோ, மீனுக்கு இளவுயிரி அப்படி. தோற்றத்திலும் வாழிடத்திலும் உணவிலும் வளர்ந்த மீனினின்று அது வேறுபட்டது.

பவளப்பாறைகளை அடுத்த கடலில் இத்தகைய இளவுயிரிகள் எந்தப் பருவத்தில், எவ்வெவ் வகையின, எவ்வளவு உள்ளன என்று ஆராய்வது கடலுயிரியலின் ஒரு கிளை. கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு கடற்கரையில் மீன்பிடிப்பை எந்த மாதத்தில் நிறுத்துவது, எந்தத் தீவைக் காப்பது என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவோர் இறுதியில் இச்சிறு வேலையிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தென்கடலும் வடகடலும்

இராமேசுவரம் தீவும் அதற்கு எதிரே நிலம் நீண்டு நிற்கும் மண்டபமும் கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. வடக்கே இருப்பது பாக் விரிகுடா; தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்க்கு இந்த நிலநூற் பெயர்கள் தேவைப்படுவதில்லை. அவர்கள் ஒன்றை வடகடல் என்பர். மற்றொன்றைத் தென்கடல் என்பர்.

தென்கடலில், பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றியே பவளப்பாறைகள் வளர்கின்றன. குருசடை, முயல்தீவு, மனோலி, ஆனைப்பார், நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று அத்தீவுகளின் பெயர்களே ஒரு சிறு அகராதி. ‘பார்’ என்பது கடலுக்கடியில் உள்ள பாறைப்பரப்பைக் குறிக்கும் மீனவர் சொல். முத்துச்சிப்பி விளையும் இடத்தை முத்துப்பார் என்பதும் இதனாலேயே. ‘சல்லி’ என்பது அலையால் உடைந்து குவிந்த பவளத்துண்டுகளைக் குறிக்கும். நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் தத்தம் பெயருக்கு விளக்கம் கேளாதவை.

இக்கடலின் உயிர்வளம் நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் தனி நூலொன்றை வெளியிட்டது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர்க் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடம் மண்டபத்தில் இருந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜோன்ஸ் முதலியோர் இந்தியக் கடல்மீன்களின் முட்டைகளையும் இளவுயிரிகளையும் விவரித்து எழுதிய கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளமாயின. தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 1989-இல், 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

முட்டையிலிருந்து பார் வரை

பவளப்பாறையில் வாழும் மீன்கள் எல்லாம் ஒரே முறையில் இனம்பெருக்குவதில்லை. களவா, கிளிமீன் போன்றவை முட்டைகளைத் திறந்த நீரில் விட்டுவிடும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே இருக்கும். உள்ளே ஒரு துளி எண்ணெய் இருப்பதால் அது மிதக்கும். முட்டையிடும் நேரத்துக்குப் பல மீன்கள் நிலவைக் கணக்கில் கொள்கின்றன. முழுநிலவையோ கருநிலவையோ ஒட்டி, நீர் பாறையை விட்டு வெளியே ஓடும் வேளையில் முட்டையிடுவது அவற்றுள் பலவற்றின் வழக்கம். பாறையில் வாய் திறந்து காத்திருக்கும் பிற மீன்களிடமிருந்து முட்டைகள் விரைவில் விலகிச் செல்ல இது துணைபுரியும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

வேறு சில மீன்கள் முட்டையை விட்டு நீங்குவதில்லை. கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே வாழும் கோமாளி மீன், பாறைப்பரப்பைத் துப்புரவாக்கி முட்டைகளை ஒட்டிவைத்து, துடுப்பால் விசிறிக் காக்கும். அவ்வேலையின் பெரும்பகுதி தந்தையுடையது. கடற்குதிரையில் தந்தையின் வயிற்றுப்பையே கருவறை. சில மீன்களில் தந்தை முட்டைகளை வாயில் அடைத்துக்கொண்டு, பொரியும்வரை உண்ணாமல் கிடக்கும்.

எம்முறையில் பிறந்தாலும், பெரும்பாலான இளவுயிரிகள் பாறையை விட்டுத் திறந்த கடலுக்குச் சென்றுவிடுகின்றன. நீவாடு அவற்றை இழுத்துச் செல்லும். (நீரோட்டத்தைத் தென்கரை மீனவர் ‘நீவாடு’ என்பர், பாடநூலுக்குள் இதுவரை வராத நல்ல சொல்.) வெப்பக்கடலில் கருவுணவுப் பை இரண்டு மூன்று நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் கண் கறுத்து, வாய் திறந்து, தன்னினும் சிறிய மிதவை உயிரியொன்றைப் பிடித்து உண்ணக் கற்றாக வேண்டும். கற்காதது பட்டினியால் இறக்கும்; கற்றதையும் இழுதுமீனோ அம்புப்புழுவோ பிற மீனோ விழுங்கக் காத்திருக்கும். இலட்சக்கணக்கில் இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே பெரிய மீனாகின்றன.

இந்த இறப்பின் பொருளை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் நார்வே நாட்டு அறிஞர் யோகான் ஹியோர்ட். மீன்வளம் ஓராண்டு பெருகுவதும் மற்றோராண்டு சுருங்குவதும் ஏன் என்று அவர் ஆராய்ந்தார். செதிலில் உள்ள வளையங்களைக் கொண்டு ஹெர்ரிங் மீன்களின் வயதைக் கணித்தபோது, 1904-இல் பிறந்த மீன்கள் மட்டும் பின்வந்த பல ஆண்டுகளின் பிடிப்பில் பெருவாரியாக இருந்ததைக் கண்டார். அவ்வாண்டில் முட்டைகள் மிகுதியாக இடப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பிறந்த இளவுயிரிகளுக்கு வேண்டிய பொழுதில் உணவு கிடைத்திருக்க வேண்டும் என்று 1914-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அவர் கருத்தைப் பலவாறு திருத்தியுள்ளன. ஆனாலும் மீன்வளத்தின் கணக்கு பெரிய மீன்களோடு முடிவதில்லை என்னும் அவரது அடிப்படை நிலைத்துவிட்டது.

திறந்த கடலில் வாழும் காலம் மீனுக்கு மீன் மாறும். கோமாளி மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போதும். பல பாறைமீன்களுக்கு மூன்று நான்கு வாரங்கள் வேண்டும்; சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களும் ஆகும். அக்காலம் முடிந்ததும், விரலின் நகக்கணு அளவே வளர்ந்த அந்த உயிர் ஒரு பாரைத் தேடிக் குடியேற வேண்டும். பெரும்பாலும் இருள்மிக்க இரவுகளிலேயே இக்குடியேற்றம் நிகழ்கிறது.

வலையும் கணக்கும்

இளவுயிரிகளைப் பிடிக்கும் வலை மீனவர் வலையினும் வேறானது. அதன் துணியில் கண் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு கண்ணும் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. வாய்ப்பகுதி வட்டவளையத்தில் தைக்கப்பட்டிருக்கும். வால்பகுதி குறுகிச் சென்று ஒரு சிறு குடுவையில் முடியும். இரண்டு வலைகளை அருகருகே பொருத்திய அமைப்பு பாங்கோ வலை எனப்படும். இரட்டை முழவாகிய பாங்கோவின் வடிவில் இருப்பதால் அப்பெயர். படகு நடைவேகத்தில் செல்ல, வலை நீரில் இழுக்கப்படும். வளையத்தின் நடுவே உள்ள சிறு காற்றாடி போன்ற கருவி, வலையின் வழியே எவ்வளவு நீர் புகுந்தது என்று சுற்றுகளால் கணக்கிடும்.

இக்கணக்கை மாணவர் ஏட்டில் போட்டுப் பார்க்கலாம். வளையத்தின் குறுக்களவு 60 சென்டிமீட்டர் என்றால், ஆரம் 0.3 மீட்டர். வாயின் பரப்பு 3.14 × 0.3 × 0.3, அதாவது 0.2826 சதுர மீட்டர். வலை 500 மீட்டர் தொலைவு இழுக்கப்பட்டால், அதன் வழியே சென்ற நீரின் கொள்ளளவு 141.3 கன மீட்டர். குடுவையில் 283 இளவுயிரிகள் இருந்தன என்று கொள்வோமாயின், 100 கன மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 200 என்று விடை வரும். இவ்வாறு ஒரே அளவைக்குக் கொண்டுவந்த பிறகே ஒரு மாதத்தை மற்றொரு மாதத்தோடும், குருசடையை வான் தீவோடும் ஒப்பிட முடியும். வெறும் எண்ணிக்கையை ஒப்பிடுவது, ஒரு வீட்டின் குடத்தையும் மற்றொரு வீட்டின் செம்பையும் எண்ணிவிட்டுத் தண்ணீர் சமம் என்பது போலாகும்.

வலைக்கு ஒரு குறையுண்டு. சற்று வளர்ந்த இளவுயிரிகள் வலை வருவதைக் கண்டு விலகிவிடும்; பகலில் இது மிகுதி. ஆதலின் இரவிலும் வலை இழுப்பர். குடியேறும் பருவத்தை எட்டியவற்றுக்கு ஒளிப்பொறி என்னும் வேறு கருவி உண்டு. குறுகிய வாயில்களையுடைய ஒரு பெட்டிக்குள் விளக்கை ஏற்றி, இரவு முழுவதும் கடலில் மிதக்க விடுவர். ஒளியை நாடி உள்ளே நுழைந்தவை வெளியேற வழியறியாமல் விடியும்வரை அங்கேயே நிற்கும். எல்லா இனங்களும் ஒளியை நாடுவதில்லை என்பதால் இதன் கணக்கும் முழுமையன்று. வலையும் பொறியும் ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு நிரப்பும்.

பெயர் அறிதல்

குடுவை கரைக்கு வந்தபின் தொடங்குவதே கடினமான பணி. ஃபார்மலினிலோ சாராயத்திலோ பதப்படுத்திய மாதிரியைச் சிறிது சிறிதாகத் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இறால்வகைக் குஞ்சுகளுக்கும் பிற மிதவை உயிரிகளுக்கும் இடையிலிருந்து மீன் இளவுயிரிகளை ஊசிமுனையால் பிரித்தெடுக்க வேண்டும். கல் பொறுக்கும் வேலையைவிடப் பொறுமை கேட்கும் வேலை இது.

பிரித்தெடுத்ததற்குப் பெயர் சொல்வது அதனினும் கடிது. வளர்ந்த மீனைக் காட்டினால் பாம்பன் மீனவர் நொடியில் பெயர் சொல்லிவிடுவார். இளவுயிரியிலோ அவர் அறிந்த நிறமும் இல்லை, செதிலும் இல்லை. ஆய்வாளர் வேறு அடையாளங்களைப் பார்க்கிறார். கண்ணாடி உடலின் வழியே தெரியும் தசைக்கட்டுகளை எண்ணுவார். அவை பெரும்பாலும் முள்ளெலும்பின் எண்ணிக்கையோடு ஒத்திருக்கும். பாறைமீன்கள் பலவற்றில் அது 24-ஐ ஒட்டியிருக்கும். விலாங்கின் இளவுயிரியிலோ நூற்றைத் தாண்டும். குடல் நீண்டு நேராக இருக்கிறதா, சுருண்டிருக்கிறதா என்பது மற்றோர் அடையாளம். கரும்புள்ளிகள் எங்கெங்கே உள்ளன என்பது இன்னொன்று. களவாவின் இளவுயிரிக்கு முதுகிலும் அடியிலும் உடலளவுக்குப் பொருந்தாத நீண்ட முட்கள் நிற்கும். முட்டையிலும் அடையாளம் உண்டு: பெரும்பாலான மீன்முட்டைகள் உருண்டையாயிருக்க, நெத்திலியின் முட்டை நீள்வட்டமாக இருக்கும்.

அறிஞர்களே இதில் ஏமாந்த வரலாறு உண்டு. இலைபோல் தட்டையான, ஒளி ஊடுருவும் ஒரு சிறு மீனைக் கண்டு, அதனைத் தனியினம் என்று கருதி 1856-இல் ஒருவர் பெயர் சூட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, இத்தாலிய அறிஞர் கிராசியின் தொட்டியில் அந்தத் ‘தனியினம்’ விலாங்காக உருமாறியது. வண்ணத்துப்பூச்சி மீனின் இளவுயிரியும் தலையில் எலும்புக்கவசம் அணிந்திருப்பதால் ஒருகாலத்தில் வேறினமாகவே கொள்ளப்பட்டது. இன்று மரபணுத் துண்டொன்றைப் படித்து, முன்பே அறிந்த மீன்களின் பட்டியலோடு ஒப்பிட்டு இனத்தை உறுதி செய்கின்றனர். ஆயினும் நுண்ணோக்கியைத் தூக்கியெறியும் நாள் வந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களை ஒவ்வொன்றாக மரபணுச் சோதனைக்கு அனுப்புவது செலவுமிக்கது.

மாதிரிகளில் சிலவற்றின் காதுக்குள் மற்றொரு செல்வமும் இருக்கிறது. மீனின் செவிக்கல் நாள்தோறும் ஒரு வளையம் வளர்கிறது. மணலினும் சிறிய அக்கல்லைத் தேய்த்து வளையங்களை எண்ணினால் வயது நாட்கணக்கில் தெரியும். பிடித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பிறந்தநாளும் கிடைத்துவிடும்.

பன்மை என்பது எண்ணிக்கை மட்டும் அன்று

ஒரு குடுவையில் 100 இளவுயிரிகள், பத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவை, குடும்பத்துக்குப் பத்து என்று சமமாக உள்ளன என்க. மற்றொரு குடுவையிலும் 100 உள்ளன. பத்துக் குடும்பங்களே உள்ளன. ஆனால் 91 நெத்திலி, எஞ்சிய ஒன்பது குடும்பங்களுக்கும் ஒவ்வொன்று. மொத்தமும் ஒன்று, குடும்பங்களின் எண்ணிக்கையும் ஒன்று. எனினும் இரண்டையும் ஒன்றென்று கூற எவர்க்கும் மனம் வராது. இவ்வேறுபாட்டை எண்ணால் காட்டுவதற்குச் ஷானன் குறியெண் என்னும் அளவை பயன்படுகிறது. முதற்குடுவைக்கு அது 2.30, இரண்டாவதற்கு 0.50.

இக்குறியெண் தாழ்ந்த மாதத்தை வளங்குன்றிய மாதம் என்று அவசரப்பட்டுக் கூறக்கூடாது. சாளையோ நெத்திலியோ காரலோ பெருங்கூட்டமாக இனம்பெருக்கும் மாதத்தில் அதன் இளவுயிரிகள் குடுவையை நிறைத்துவிடும், குறியெண் தாழும். கடலில் உணவோ அப்போது மிகுந்திருக்கும். மறுபுறம், மொத்தமே இருபது உயிர்கள் கிடைத்த மாதத்தில் அவை பதினைந்து வகையாக இருந்தால் குறியெண் உயரும். ஆதலின் எத்தனை, எத்தனை வகை, எவ்வளவு சமம் என்னும் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பருவங்கள்

குளிர்நாட்டுக் கடல்களில் பெரும்பாலான மீன்கள் இளவேனிலை ஒட்டிச் சில வாரங்களில் முட்டையிட்டு முடிக்கும். வெப்பக்கடலில் அப்படியில்லை. மன்னார் வளைகுடாவில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மீன் சினையோடு இருக்கும். பருவம் என்பது இங்கே எந்த வகை, எந்தக் கலவையில் என்பதாகவே வெளிப்படுகிறது.

தமிழகக் கரையை ஆராய்வோர் பொதுவாக ஆண்டை நான்காகப் பகுப்பர்: சனவரி முதல் மார்ச்சு வரை மழைக்குப் பிந்திய காலம், ஏப்ரல் முதல் சூன் வரை கோடை, சூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கு முந்திய காலம், அக்டோபர் முதல் திசம்பர் வரை மழைக்காலம். வடநாட்டுப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கு இப்பகுப்பு தலைகீழாகத் தோன்றக்கூடும். தில்லியில் மழை பெய்யும் ஆகத்து மாதத்தில் தூத்துக்குடி வறண்டிருக்கும். தில்லி குளிரத் தொடங்கும் நவம்பரில் அங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும்.

மழைக்காலத்தில் தாமிரபரணி போன்ற ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் தென்கடலில் சேர்க்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கும் உப்பு, கழிமுகத்தை அடுத்துக் குறைகிறது. கலங்கிய நீர் பவளத்துக்கும் ஒளிதேடும் நுண்பாசிக்கும் நல்லதன்று. ஆனால் ஆறு கொணர்ந்த ஊட்டம் வீணாவதில்லை. மழை ஓய்ந்து நீர் தெளியும்போது நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்று விலங்கு மிதவை உயிரிகள் பெருகும். இளவுயிரிகளுக்கு அவையே உணவு. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் வேறொரு வழியில் ஊட்டம் வருகிறது: குமரிமுனையை அடுத்த கடலில் அடிநீர் மேலெழும்பி, குளிர்ந்த, ஊட்டமிக்க நீரைப் பரப்புக்குக் கொணர்கிறது. நீரோட்டத்தின் திசையும் பருவத்தோடு மாறுகிறது. இலங்கைக்குத் தெற்கே தென்மேற்குப் பருவத்தில் கிழக்கு நோக்கி ஓடும் பேரோட்டம், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கித் திரும்பிவிடும். ஆதலால் சூலையில் பிறக்கும் மீனும் திசம்பரில் பிறக்கும் மீனும் ஒரே பாரில் பிறந்தாலும் ஒரே திசையில் அலைவதில்லை.

இங்கே மாதிரி எடுப்போருக்கு ஓர் இடர் உண்டு. அதனை மீனவரே நன்கறிவர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். மீனவர் பலர் காற்றுக்கேற்பக் கடல் மாறித் தொழில் செய்வர். ஆய்வுப் படகு அவ்வாறு மாற இயலாது. அதே இடத்தில், மாதந்தோறும் வலை இழுத்தாக வேண்டும். கொந்தளித்த மாதத்தில் வலை இறங்கவில்லையென்றால் அட்டவணையில் அக்கட்டம் வெறுமையாகும். அதைச் சுழியமாகப் படித்துவிடுவது பெரும்பிழை. மாதிரி இல்லாத மாதம் இளவுயிரி இல்லாத மாதம் ஆகாது.

திரும்பி வருவன

அலைக்கழிக்கப்பட்ட இளவுயிரிகள் தாம் பிறந்த பாருக்கே திரும்புமா? நீண்டகாலம் அறிஞர் இல்லையென்றே எண்ணினர். மிதக்கும் துகள் போல நீரோட்டம் கொண்டுபோய் விட்ட இடத்தில் தங்கும் என்றனர். ஆத்திரேலியாவின் பெரும்பவளத்திட்டில், லிசர்டு தீவில், ஜெஃப்ரி ஜோன்ஸ் என்பாரும் உடன்பணியாற்றியோரும் ஒரு சோதனை செய்தனர். பாறையில் ஒட்டியிருந்த ஒரு சிறுமீனினத்தின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருக்களில், செவிக்கல்லில் படியும் சாயத்தை ஏற்றினர். பின்னர் அத்தீவுக்குத் திரும்பிய ஏறத்தாழ 5000 குஞ்சுகளைப் பிடித்துச் செவிக்கல்லைப் பார்த்தபோது, 15-இல் அந்தச் சாயம் இருந்தது.

பதினைந்து என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் தீவில் பிறந்த எல்லாக் கருக்களுக்கும் சாயம் ஏற்றப்படவில்லை. நூற்றுக்கு அரை முதல் இரண்டு பங்குக்கே ஏற்றப்பட்டது. அதைக் கொண்டு கணித்தால், திரும்பிய குஞ்சுகளில் 15 முதல் 60 விழுக்காடு வரை அத்தீவின் பிள்ளைகளே என்று வரும். இம்முடிவு 1999-இல் வெளியானது. அவை எவ்வாறு வழி அறிகின்றன என்பதற்கும் சில விடைகள் கிடைத்துள்ளன. இறால்கள் சொடுக்கும் ஒலியும் மீன்கள் எழுப்பும் ஒலியும் கலந்து பவளப்பாறை ஓயாது இரைந்துகொண்டிருக்கும். வெற்றுப் பவளத்துண்டுகளால் அமைத்த சிறு திட்டுகளில் அந்த ஒலியை ஒலிபெருக்கியால் எழுப்பியபோது, ஒலியில்லாத திட்டுகளைவிட அவற்றில் மிகுதியான இளமீன்கள் குடியேறின. இது 2005-இல் வெளியான ஆய்வு. மணத்தை அறிந்தும் சில மீன்கள் வருகின்றன. குடியேறும் பருவத்து இளவுயிரி நன்கு நீந்தவும் வல்லது.

இக்கண்டுபிடிப்புகள் தென்கடலுக்கும் ஒரு செய்தி சொல்கின்றன. ஒரு பார் அழிந்தால், அடுத்த பாரின் குஞ்சுகள் வந்து அதனை நிரப்பிவிடும் என்று இருந்துவிட முடியாது. அங்கே அழிவு கற்பனையன்று. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியெடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே அது படிப்படியாக நின்றது. அரணாக நின்ற பவளத்தை இழந்த விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் அதற்குள் நீரில் மூழ்கிவிட்டன. கோடைவெப்பம் மிகுந்த 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெளிறி இறந்த பாரில் ஒலியும் குறையும், ஒளிய இடமும் குறையும். இருளில் வழிதேடி வரும் நகக்கணு அளவு உயிர் எதைக் கேட்டு, எங்கே திரும்பும்?

தடைக்காலம்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருக்குவதற்காக விதிக்கப்பட்ட தடை இது. 2001-இல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்கள் ஆயிற்று. தடையின்போது அரசு உதவித்தொகை தருகிறது என்றாலும், படகுரிமையாளர், கூலிக்குச் செல்வோர், வலை பின்னுவோர், பனிக்கட்டி உடைப்போர், கூடை சுமக்கும் பெண்கள் என்று அனைவரின் அடுப்பும் அந்த இரண்டு மாதங்களில் சிறுத்துத்தான் எரிகிறது.

தடை சரியான மாதங்களில் இருக்கிறதா என்று மீனவர் கேட்பது நியாயமான கேள்வி. நூற்றுக்கணக்கான மீனினங்களுக்கு ஒரே இனப்பெருக்கக் காலம் இருக்க முடியாது. எந்த இனத்தின் முட்டைகளும் இளவுயிரிகளும் அந்த 61 நாட்களில் மிகுகின்றன, எவற்றின் காலம் அதற்கு வெளியே விழுகிறது என்பதை ஊகத்தால் தீர்க்க இயலாது. அதே இடங்களில், ஆண்டு முழுவதும், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த மாதிரிகளே அதற்குச் சான்றாகும். ஓராண்டு ஆய்வு போதாது. ஒரு புயலோ ஒரு கடுங்கோடையோ அவ்வாண்டின் கணக்கை மாற்றிவிடக்கூடும். சினைமீன் எந்த மாதத்தில் வலையில் ஏறுகிறது என்று மீனவர் வைத்திருக்கும் நினைவும் இதனோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய சான்றே. அதனை ஆய்வாளர் எல்லாரும் போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை.

இனத்துக்கு இனம் தேவையும் வேறு. நெத்திலி ஓராண்டுக்குள் வளர்ந்து முட்டையிடும். அதற்கு இரண்டு மாத ஓய்வு பெரிய உதவி. களவாவோ மெல்ல வளரும். முதலில் பெண்ணாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அவற்றுள் சில ஆணாக மாறும். ஏப்ரலில் பொரித்த ஒரு களவா இளவுயிரி, நீவாட்டில் அலைந்து, ஒரு பாரைக் கண்டு குடியேறியபோது சூன் மாதம் பிறந்திருக்கும். தடை நீங்கிய விடியலில் விசைப்படகுகள் பாம்பனைக் கடந்து செல்லும்போது அது பவளக்கிளையின் இடுக்கில் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அது முதன்முதலாகச் சினைபிடிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.